திருகோணமலையின் அலைபரப்பியும் வானொலி வரலாறும்

இலங்கை வானொலியின் வரலாறாக இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் குரல்களின் வரலாறுகளே. எட்வேட் ஹாப்பர் 1925இற் கொழும்பில் தொடக்கிவைத்த ஒலிபரப்பு, 'சானா'வின் நாடகங்கள், மயில்வாகனத்தின் அறிவிப்பு, கடலுக்கப்பால் தமிழகம் செவிமடுத்த திரைப்பாடல்கள் என நினைவுகள் நீளுகின்றன. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அவை யாவும் கலையகத்தில் தொடங்கிக் கலையகத்திலேயே முடிவடைகின்றன. அலைபரப்பி எந்த மண்ணில் நிற்கின்றது, ஏன் அங்கே நிற்கின்றது, யாருடைய பேச்சைச் சுமக்கின்றது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. திருகோணமலையை முன்வைத்து நோக்குமிடத்து இக்குறைபாடு தெளிவாகும்.

டொய்ச்ச வெலே எனப்படும் ஜேர்மன் வானொலி எண்பதுகளிலே திருகோணமலையில் ஓர் அஞ்சல் நிலையத்தை நிறுவியது. அதன் மத்திய அலைபரப்பி 400 கிலோவாற்று வலுவுடன் 1548 கிலோஹேட்ஸில் இயங்கியது. 250 கிலோவாற்றுச் சிற்றலைபரப்பிகள் மூன்றும் உடனிருந்தன. இவ்விடத்தெரிவு தற்செயலானதன்று. மத்திய அலை பகலில் தரையையொட்டியே செல்வது. வரண்ட நிலம் அதனை விரைவில் விழுங்கிவிடும். உப்புநீரோ மின்னை நன்கு கடத்துவதால் கடல்மேல் அது நெடுந்தூரம் செல்லும். இரவில் அயன்மண்டலத்திலே தெறித்து மேலும் பலநூறு மைல்களைக் கடக்கும். திருகோணமலைக்கு முன்னே விரிந்து கிடப்பது வங்காள விரிகுடா; அதன் மறுகரைகளிலே கோடிக்கணக்கான மக்கள்.

இயற்கைத் துறைமுகத்துக்காகப் பேரரசுகள் விரும்பிய அதே ஊரை ஒலிபரப்பாளரும் விரும்பினர். இத்தொடர்பு நமது கற்பனையன்று. 1987 யூலை 29இல் இந்திய - இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதத்தில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு ஊறாக எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் வழங்கலாகாது என்பதும், எண்ணெய்க் குதங்களைக் கூட்டு முயற்சியாகச் சீரமைப்பது என்பதும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படாதிருக்க அவற்றுடனான உடன்படிக்கைகள் மீளாய்வு செய்யப்படும் என்பதும் அடுத்தடுத்தே இடம்பெற்றன. இராசதந்திரிகள் கண்டுகொண்ட உறவை நமது வானொலி வரலாற்றாசிரியர் காணாதுவிட்டமை வியப்புக்குரியது.

'உள்ளூர் வானொலி' என்னும் தொடரும் அவதானத்துடன் கையாளப்பட வேண்டியதே. அலைபரப்பி ஓரூரில் நிற்பதால் மட்டும் ஒலிபரப்பு அவ்வூருக்குரியதாகிவிடாது. எம்மொழியில், எவ்வேளையில், எதைப் பேசுவது என்பதை முதலிற் கொலோனும் 2003க்குப் பின் பொன் நகருமே தீர்மானித்தன. கொட்டியாரக் குடாவின் மீனவரோ இலங்கைத்துறையின் கமக்காரரோ அத்தீர்மானத்திற் பங்குகொண்டவரல்லர். போரினால் அம்மாவட்டத்து மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த ஆண்டுகளிலும் அங்கிருந்து எழுந்த அவ்வலுமிக்க ஒலிபரப்புத் தொலைதூரத்துக் கேட்போரையே நோக்கியிருந்தது. உள்ளூரார் சிலருக்கு அது தொழில் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தொழில் தருவது வேறு, பேசவிடுவது வேறு.

2013இல் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. உரிமை மாறிய பின்னரும் வெளிநாட்டு ஒலிபரப்பாளர் அங்கு நேரத்தை வாடகைக்குப் பெற்றனர். இதன் வரலாற்றை எழுதப் புகுவோர் கொழும்பின் ஒலிநாடாக்களோடு நின்றுவிடாது, காணி வழங்கிய ஆவணங்களையும், பணிபுரிந்த தொழில்நுட்பவியலாளரின் வாய்மொழிகளையும், சுற்றுக் கிராமத்தவர் அந்நாட்களில் எவ்வானொலியை எவ்வேளையிற் கேட்டனர் என்ற சாட்சியங்களையும் திரட்டுதல் வேண்டும். அங்கு முதலிற் பணிக்குச் சேர்ந்த தலைமுறை இன்று முதுமையை எய்திவிட்டது.