திரித்துவமும் தமிழ்ச் சொல்லாட்சியும்

கடவுள் ஒருவரே, அவர் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கிறார் என்னும் கிறித்தவக் கொள்கை திரித்துவம் எனப்படும். சீர்திருத்தத் திருச்சபையினர் இதைத் திரித்துவம், திரியேகத்துவம் என்கின்றனர். கத்தோலிக்கர் முன்பு தமத்திரித்துவம் என்றனர். இன்று மூவொரு கடவுள் என்பது பெருவழக்கு. பெயருக்குக் குறைவில்லை. ஆயினும் இக்கொள்கையைத் தமிழில் விளக்கப் புகும் எழுத்துகள் பலவும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. கலைச்சொல்லைத் தேர்வதில் காட்டும் கவனத்தை அதனோடு வரும் திணையிலும் எண்ணிலும் அவை காட்டுவதில்லை. இக்கொள்கை பிழைபடுவதோ பெரும்பாலும் அங்கேதான்.

திரித்துவம் என்ற சொல்லில் மூன்று இருக்கிறது, ஒன்று இல்லை என்பது பழைய குறை. அக்குறை மூலச் சொற்களுக்கும் உண்டு. கி.பி. 180 அளவில் அந்தியோக்கியாவின் தியோபிலு ஆண்ட 'திரியாஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் மும்மை என்பதே பொருள். திரியேகத்துவம் அக்குறையை நீக்கினாலும் நாவில் எளிதில் புரள்வதில்லை. மூவொரு கடவுள் என்பது இரண்டையும் சொல்கிறது, பேச்சிலும் வருகிறது. என் கணிப்பில் இதுவே சிறந்தது.

உண்மையான சிக்கல் 'ஆள்' என்ற சொல்லில் இருக்கிறது. 'ஒரே கடவுள், மூன்று ஆட்கள்' என்பது மறைக்கல்வி நூல்களின் நெடுநாள் வழக்கு. நடவுக்கு மூன்று ஆள் வேண்டும் என்று பேசிப் பழகிய காதுக்கு இது மூன்று தனி மனிதரையே காட்டும். அங்கிருந்து மூன்று கடவுளர் என்ற எண்ணத்துக்கு ஓரடிதான். இத்தொல்லை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீனில் தெர்த்துல்லியன் 'பெர்சோனா' என்றார். நாடக முகமூடிக்கும் அதுவே பெயர். கிரேக்கர் 'ஹிப்போஸ்தாசிஸ்' என்றனர். 325ஆம் ஆண்டு நீசேயா சங்கத்தின் கண்டன வாசகத்தில் இச்சொல், உள்பொருளைக் குறிக்கும் 'ஊசியா'வுக்கு நிகராகவே வந்தது. அப்பொருளில் பார்த்தால் மூன்று ஹிப்போஸ்தாசிஸ் என்பவர் மூன்று கடவுளரைச் சொல்பவராகிறார். 362இல் அதனாசியார் அலெக்சாந்திரியாவில் கூட்டிய சங்கத்தில்தான், ஒரே நம்பிக்கையை இரு தரப்பும் வேறுவேறு சொல்லால் சொல்வது தெளிவாயிற்று. பின்பு பசிலியாரும் இரு கிரகோரியார்களும் 'ஒரே ஊசியா, மூன்று ஹிப்போஸ்தாசிஸ்' என்பதை நிலைநாட்டினர்.

ஆளைத் தவிர்க்க விரும்புவோர் 'மூன்று நிலைகள்', 'மூன்று வடிவங்கள்' என்று எழுதுகின்றனர். இது பிழையை மறுபக்கம் தள்ளுவதாகும். நீர், பனிக்கட்டி, நீராவி என்ற உவமையும், ஒருவரே தந்தையாகவும் மகனாகவும் கணவனாகவும் இருப்பதான உவமையும் ஞாயிறு பள்ளிகளில் இன்றும் புழங்குகின்றன. ஒருவரே மூன்று வேடம் பூணுகிறார் என்பது சபெல்லியுவின் கொள்கை. திருச்சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே அதை ஒதுக்கிவிட்டது. யோர்தானில் மகன் நீரில் நிற்கிறார், வானிலிருந்து குரல் கேட்கிறது, ஆவி புறாவைப் போல் இறங்குகிறது. பனிக்கட்டி உவமையால் இக்காட்சியை எப்படி விளக்குவது? கெத்சமனியில் இயேசு வேண்டியது தம்மிடமேதானா? குறைகள் இருந்தும் 'ஆள்' இவ்வுவமைகளை விட நேர்மையான சொல்.

நீசேயாவின் 'ஹோமோஊசியோஸ்' என்பதற்குத் தமிழில் 'ஒரே பொருள்', 'ஒரே தன்மை' என இரு வழக்குகள் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவது சரியன்று. ஒரே அச்சில் வார்த்த இரண்டு நாணயங்களும் ஒரே தன்மையுடையவை. ஆனால் அவை இரண்டு நாணயங்கள். 'ஒத்த பொருள்' என்று பொருள்படும் 'ஹோமொயூசியோஸ்' என்ற சொல்லை ஒரு தரப்பார் முன்வைத்தபோது எழுந்த பூசலும் இதுதான். கிரேக்கத்தில் இரண்டுக்கும் வேறுபாடு ஓரெழுத்து. 'பொருள்' என்பதே காக்கத் தக்கது.

யோவான் 10:30இல் இயேசு தாமும் தந்தையும் ஒன்று என்கிறார். அங்கே கிரேக்கச் சொல் 'ஒருவர்' அன்று, 'ஒன்று'. இலத்தீனிலும் அவ்வாறே என்று காட்டித் தெர்த்துல்லியன் வாதிட்டார். இவ்வேறுபாட்டை ஆங்கிலத்தால் காட்ட முடியாது. அங்கே இரண்டுக்கும் ஒரே சொல். தமிழோ திணையாலேயே காட்டிவிடுகிறது. எனினும் 'ஒன்றாய் இருக்கிறோம்' என்றால் கூட்டுக் குடும்பமாய் இருக்கிறோம் என்றும் ஆகும். போதிப்பவர் இவ்விடத்தில் நின்று விளக்கியாக வேண்டும்.

ஆவி என்ற சொல்லுக்கு வந்தால் தமிழ் நம்மைத் தப்பவிடாது. ஆவி அஃறிணை; இட்லிப் பானையில் எழுவதும் ஆவி, பேயும் ஆவி. கிரேக்கச் சொல்லும் அஃறிணைக்கு நிகரான பால்தான். போர்த்துக்கீசியத்தை ஒட்டி 'இஸ்பிரீத்து சாந்து' என்று ஒலிபெயர்த்த முற்காலத்தார்க்கு இத்தொல்லை இல்லை, பொருளும் விளங்கவில்லை. 'தூய ஆவி வந்தது' என்று எழுதினால் ஓர் ஆற்றலைச் சொல்கிறோம். 'ஆவியானவர் வந்தார்', 'ஆவியார் வந்தார்' என்றால் ஆளைச் சொல்கிறோம். ஆவியானவர் கடவுளா, படைப்பா என்று 381இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் எதிர்கொண்ட பூசல் இங்கே ஒரு வினைமுற்றுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே பத்தியில் 'அது' என்றும் 'அவர்' என்றும் மாறி மாறி எழுதும் கட்டுரையாளர் அப்பூசலில் இரு பக்கமும் நிற்கிறார். 375 அளவில் பசிலியார் தூய ஆவியைப் பற்றி எழுதிய நூலே புகழுரையின் சிறு இடைச்சொற்களைப் பற்றிய சண்டையில் பிறந்தது: தந்தைக்கு மகிமை 'ஆவியில்' என்பதா, 'ஆவியோடு' என்பதா? நாம் வேற்றுமை உருபு என்போமே, அதற்காகத்தான் அவர் ஒரு முழு நூல் எழுதினார்.