உப்புத்தாளில் தொடங்கும் இசை

வீட்டிலேயே செய்யும் எலக்ட்ரிக் கிடாரின் அழகு, அறுப்பும் செதுக்கலும் முடிந்தபின் வரும் பொறுமையான நாட்களில்தான் கூடுகிறது. 220ஆம் எண் உப்புத்தாளிலிருந்து 320க்கு மாறும்போது, சொரசொரப்பான ஓசை உஸ்ஸென்று தணிகிறது. ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் ரேகைகள் நிறம் கூடி எழுகின்றன; நார்களும் சிலிர்த்துக்கொள்வதால் மறுபடி தேய்க்க வேண்டும். மெல்லிய படலங்களாக லாக்கர் அடித்து, வாரக்கணக்கில் காயவிட்டு, 2000ஆம் எண் தாளை நீரில் நனைத்து இழைத்து, மெழுகிட்டுத் துடைத்தால், காற்றடங்கிய குளம்போல முகம் காட்டுகிறது பலகை.

பிறகு கோர்ப்பு. கழுத்து தன் குழிக்குள் இறுக்கமாக, ஆனால் முரண்டு பிடிக்காமல் உட்காரும்போது செதுக்கிய கையின் நிதானம் தெரிகிறது. உருகிய ஈயம் ஒயரைச் சுற்றி மினுங்கிப் படிகிறது. 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் ஒன்றாகும்வரை பிரிட்ஜின் திருகை இம்மியிம்மியாகத் திருப்ப வேண்டும். இப்படி வீட்டிலேயே, 1963இல் ராக் கிடார் கலைஞர் பிரையன் மே தன் தந்தையோடு செய்யத் தொடங்கிய கிடாரின் கழுத்து, பழைய கணப்படுப்பைச் சுற்றியிருந்த மரம். அதன் விரற்பலகைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கடைக் கிடார் இன்னும் துல்லியமாக இருக்கலாம். கையால் செய்ததிலோ ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் சொல்ல ஒருவர் இருக்கிறார்.