எவ்வளவு குடுத்தனீர்?

புகலிடத் தமிழர் பொதுக்காரியங்களுக்குக் கொடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டு எமது சஞ்சிகைகளில் காலத்துக்குக் காலம் எழுவது. லண்டனைப் பொறுத்தவரை இது பொய். 1983க்குப் பின் வந்தவர்கள் பெற்றோல் நிலையங்களில் இரவிரவாக நின்று உழைத்த காசில் எவ்வளவோ செய்திருக்கிறார்கள். ஹைகேற் குன்றில் 1986இல் முருகனுக்குக் கோயில் எழுந்தது. ஈலிங்கில் ஒரு பழைய தேவாலயம் கனகதுர்க்கை அம்மன் கோயிலாயிற்று. அதன் வருமானத்தில் ஒரு பங்கு ஊரில் போரால் நொந்தவர்களுக்கும் போனது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள், ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றை எண்ணி முடியாது. ஆகவே 'எங்கட சனம் குடாது' என்ற புலம்பலை விட்டுவிடுவோம். கொடுப்பவர் கொடுப்பதன் மூலம் எதைப் பெற்றுக்கொள்கிறார், காசுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பவையே என் கேள்விகள்.

சில வருடங்களுக்கு முன் ஹாரோவில் ஒரு ஊர்ச்சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். கலைமாலை ஒன்று நடத்தி ஊர் முன்பள்ளிக்குக் காசு சேர்த்திருந்தார்கள். மண்டப வாடகை, இந்தியாவிலிருந்து வந்த பாடகரின் விமானச் சீட்டு, ஒலியமைப்பு, சாப்பாடு எல்லாம் போக முன்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று ஒரு இளம் பெண் எழுந்து கேட்டார். இரண்டு வருடங்களாக முன்பள்ளி ஆசிரியையுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவரும் விண்ணப்பங்களை எழுதியவரும் அவர்தான். மேடையிலிருந்து வந்த பதில்: "பிள்ளை, நீர் எவ்வளவு குடுத்தனீர்?" மண்டபம் சிரித்தது. அடுத்த நிகழ்ச்சிக்குப் போனார்கள். அதற்கடுத்த வருடம் அந்தப் பெண்ணை நான் அங்கு காணவில்லை.

எமது பொதுவாழ்வின் பொருளாதாரம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. காசு கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அவர் கேட்கமாட்டார், ஏனெனில் அவருக்குப் போஷகர் பதவியும் குத்துவிளக்கேற்றும் வரிசையில் ஓர் இடமும் கிடைத்துவிட்டன. நேரம் கொடுத்தவருக்குக் கிடைப்பது கடைசியில், பாதிச் சனம் கார் எடுக்கப் போனபின், வாசிக்கப்படும் நன்றியுரை. அதிலும் கோயில் மடப்பள்ளியிலும் தமிழ்ப் பள்ளி வகுப்பறைகளிலும் வருடக்கணக்காக நிற்கும் பெண்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. நிர்வாக சபைகளின் படங்களைப் பாருங்கள், கோட்டும் கழுத்துப் பட்டியும்தான் தெரியும்.

எங்களுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்றும் சொல்லமுடியாது. இதே லண்டனில் இதே மனிதர்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள். தாய்ச்சியின் கொப்பியில் ஒரு பவுண் பிசகாது. கழிவு எவ்வளவு, யார் எடுத்தார், யார் இன்னும் கட்டவில்லை என்பது இருபது பேருக்கும் மனப்பாடம். சொந்தக் காசென்றால் கொப்பி, பொதுக்காசென்றால் நம்பிக்கை! சட்டமோ எதிர்ப்பக்கம் நிற்கிறது. இங்கிலாந்தின் 2011ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டப்படி ஒரு அறக்கொடை அமைப்பின் கடைசிக் கணக்கறிக்கையை எவரும் எழுத்தில் கேட்கலாம். நியாயமான செலவைப் பெற்றுக்கொண்டு இரண்டு மாதத்துக்குள் அவர்கள் கொடுக்கவேண்டும். கேட்பவர் ஒரு சதமேனும் கொடுத்திருக்கவேண்டியதில்லை. இந்த உரிமையைப் பாவித்த தமிழர் எத்தனை பேர்? 'கிஃப்ற் எயிட்' முறையில் வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறது. அதற்குக் கொடுப்பவரின் பெயரும் விலாசமும் ஒப்புதலும் பதிவில் இருக்கவேண்டும். கையில் காசாக வாங்கி உறையில் போடும் எமது முறையில் அதுவும் போய்விடுகிறது.

இந்தக் கேளாமை வானத்திலிருந்து விழவில்லை. எண்பதுகளில் இயக்கங்கள் எல்லாமே காசு சேர்த்தன. கணக்குக் கேட்டவன் விடுதலையில் அக்கறையற்றவன் ஆனான். பின்பு ஒரே இயக்கம் கதவு தட்டிய காலத்தில் அவனே துரோகியானான். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, கனடாவில் குடும்பமொன்றிடம் 2,500 முதல் 5,000 டொலர்வரை கேட்கப்பட்டதையும், லண்டன் தமிழரிடம் பிரயோகிக்கப்பட்ட நெருக்குதலையும் பதிவுசெய்தது. 2004 டிசம்பர் சுனாமியின்போது இந்த நகரத் தமிழர் அள்ளிக் கொடுத்தார்கள். தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் பிரித்தானியக் கிளை அடுத்த வருடமே அறக்கொடைப் பதிவிலிருந்து அகற்றப்பட்டது. கொடுத்தவர்களில் எவராவது ஒன்றுகூடி அது ஏன் என்று பகிரங்கமாக விவாதித்ததாக நான் அறியேன். 2009க்குப் பின் கதவு தட்டல் நின்றது. பழக்கம் நிற்கவில்லை.

இதுவரை படித்த நண்பர்கள் தலையாட்டியிருப்பார்கள். இனி எங்களுக்கு வருவோம். அந்தக் காலம் இரண்டு நோய்களைத் தந்தது. ஒன்று, கேளாமல் கொடுப்பது. மற்றது, எதற்குமே கொடாதிருப்பது. இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிற் பெரும்பாலோருக்கு உள்ளது இரண்டாவது. கொடுத்தால் அதிகாரத்துக்குத் துணைபோவோம் என்ற நியாயமான பயம், நாளடைவில் சட்டைப்பைக்கு வசதியான கொள்கையாகிவிட்டது. தொண்ணூறுகளில் லண்டனிலும் பாரிஸிலும் ஜேர்மனியிலும் எத்தனை சிற்றேடுகள் வந்தன! அவற்றிற் பலவற்றைக் கொன்றது மிரட்டல் என்று எழுதிக்கொள்கிறோம். மிரட்டல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இருபது பிரதி வாங்கிச் சென்று ஒரு பிரதிக்கும் காசு அனுப்பாத நண்பர்களும் இருந்தார்கள்.

1988இல் ஜேர்மனியின் ஹேர்ன் நகரில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பை நாம் மாற்று முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு. தலைவர் இல்லை, நிரந்தர நிதியம் இல்லை. கூடுபவர்கள் செலவைப் பங்கிட்டுக் கலைவார்கள். 2013இல் அது யாழ்ப்பாணம்வரை போனது. அங்கு எவரும் எவரையும் 'எவ்வளவு குடுத்தனீர்' என்று கேட்கமுடியாது, அது பெரிய விடயம். ஆயினும் அந்த முறைக்கு ஒரு விலை உண்டு. அலுமாரி வாங்க ஆளில்லை. வாசிக்கப்பட்ட கட்டுரைகளும் பதிவான நாடாக்களும் யாருடைய வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்பது அந்தந்த வீட்டுக்காரருக்கே வெளிச்சம்.

அலுமாரி என்று சொன்னது சும்மா அல்ல. எமது காசு கோபுரத்துக்கும் கதிரைக்கும் போகும். அட்டவணை போடுபவருக்குப் போகாது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டொலர் தேவைப்பட்டது. தமிழ்நாடு அரசின் 10 கோடி ரூபாயும் உலகத் தமிழர் நன்கொடைகளுமாக 2018இல் அது சேர்ந்துவிட்டது. உலகிலேயே மிகப் பெரிய அறக்கொடை நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு நாம் கொடுத்தோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமோ இரவில் தட்டச்சுச் செய்த தொண்டர்களின் நேரத்தில் வளர்ந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து ஏடுகளை வருடி வைத்திருக்கிறது. எனக்கு எந்தப் பழைய சிற்றேடு வேண்டுமானாலும் முதலில் அங்குதான் தேடுகிறேன். நீங்களும் அப்படித்தான். அங்கு தேடும் எங்களில் இருநூறு பேர் வங்கிக் கட்டளை மூலம் மாதம் 5 பவுண் கொடுத்தால் வருடத்துக்கு 12,000 பவுண். கிஃப்ற் எயிட்டுடன் 15,000. லண்டனில் ஒருவருக்கு அரைநேரச் சம்பளம். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1934இல் 844 நூல்களுடனும் ஒரு வாடகை அறையுடனும்தான் தொடங்கியது. 1981இல் எரிந்த 97,000ஐப் பற்றி நாம் எழுதிய கவிதைகளின் தொகை எனக்குத் தெரியாது.

சம்பளம் என்றதும் 'தொண்டுக்குச் சம்பளமா' என்று முகம் சுளிப்பார்கள். சம்பளமில்லாத் தொண்டு கடைசியில் தனிமனித வாழ்க்கையைத் தின்னும். தமிழர் தகவல் நடுவத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான சட்டத்தரணி கந்தசாமி 1988இல் யாழ்ப்பாணத்தில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். லண்டனில் அதனைத் தன் தோளில் சுமந்த வரதகுமார் 2019இல் காலமானார். மூன்று தசாப்தங்களுக்கு மேலாக ஒரு சமூகத்தின் ஆவணங்கள் ஒருவரின் உடல்நலத்தில் தங்கியிருந்தன. இரங்கற் கூட்டங்களுக்கு மண்டபம் கிடைப்பதில் எங்களுக்கு ஒருபோதும் கஷ்டமில்லை.

அ. சிவானந்தனையும் இங்கு பார்க்கவேண்டும். 1958இல் லண்டன் வந்தவர், 1964இல் இன உறவுகள் நிறுவனத்தின் நூலகர் ஆனார். பெரும் கம்பனிகளினதும் மன்றங்களினதும் பணத்தில் நடந்த நிறுவனம் அது. கறுப்பு மக்களைப் பற்றிய ஆய்வு யாருக்கு என்று ஊழியர்கள் கேட்டார்கள். 1972இல் அங்கத்தவர்களின் வாக்கெடுப்பில் நிர்வாக சபை தோற்றது. பணமும் அதனுடன் போனது. எஞ்சியவர்கள் நூல்களைத் தூக்கிக்கொண்டு பென்ரன்வில் வீதிக்குப் போய், தொண்டர்களின் உழைப்பில் நிறுவனத்தை நடத்தினார்கள். 1974இலிருந்து 'றேஸ் அன்ட் கிளாஸ்' சஞ்சிகை வந்தது. கொடுத்தவனுக்கே உரிமை என்ற விதியை இந்த நகரத்தில் ஒரு ஈழத் தமிழன் முன்னின்று உடைத்திருக்கிறார். ஆனால் எமது சங்கங்கள் எதனதும் நன்கொடைப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரை நான் கண்டதில்லை. அவர் சேர்த்த நூல்களும் துண்டுப்பிரசுரங்களும் 2006இல் வோர்விக் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 2018 ஜனவரியில் அவர் இறந்தபோது அஞ்சலி எழுதிய நாங்கள் அவற்றைப் பார்க்க விரும்பினால் யூஸ்டனில் ரயிலேறிக் கொவென்றிக்குப் போகவேண்டும்.