லிங்க் கொடுப்பதற்கு முன்

டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பு விளம்பரங்களில் மூன்று வாக்குறுதிகள் தவறாமல் வருகின்றன. தி.நகர் மாடிப்படி ஓரத்துப் பலகையானாலும் சரி, இன்ஸ்டாகிராம் ரீல்ஸானாலும் சரி, பாட்டு ஒன்றுதான். முதலீடு வேண்டாம். வீட்டிலிருந்தே செய்யலாம். ஒருமுறை உழைத்து வைத்துவிட்டால் தூங்கும்போதும் பணம் வந்துகொண்டிருக்கும். இதைக் கேட்டு அஃபிலியேட் மார்க்கெட்டிங் பக்கம் வருபவர்களில் வேலை தேடி அலுத்த பட்டதாரி இருக்கிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஏதாவது செய்ய நினைக்கும் தாய் இருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் இருக்கிறார். இவர்களுக்கு இது ஏற்ற தொழில்தானா என்பதை அந்த மூன்று வாக்குறுதிகளையும் வைத்தே எடைபோட வேண்டும். இவர்களுடைய நேரத்துக்கும் சேமிப்புக்கும் மதிப்பு உண்டு என்பதால் இதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

தொழிலின் அடிப்படை எளிது. ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறீர்கள், அல்லது வீடியோ போடுகிறீர்கள். கீழே உங்கள் அடையாளம் பொதிந்த லிங்க்கைக் கொடுக்கிறீர்கள். அதைத் தட்டிப் போய் ஒருவர் வாங்கினால் கடைக்காரர் உங்களுக்குக் கமிஷன் தருகிறார். அமேசான் 1996 ஜூலையில் புத்தகங்களுக்காக இதைத் தொடங்கியபோது, ஏதோ ஒரு துறையில் ஊறியவர்களின் இணையப் பக்கங்கள்தாம் அதற்கு இயல்பான இடம். பறவை நோக்குபவர் பறவை நூலைப் பரிந்துரைப்பார், தோட்டக்காரர் தோட்டக்கலை நூலைச் சொல்வார். முதலில் ஈடுபாடு இருந்தது, அதற்குப் பின்னால் கமிஷன் வந்தது. இன்று வகுப்புகளில் சொல்லித்தரப்படுவது நேர் எதிர்: முதலில் கமிஷன் அதிகமுள்ள பொருளைத் தேர்ந்தெடு, பிறகு அதில் ஈடுபாடு இருப்பதுபோல் எழுது. என் கருத்தில் இத்தொழிலின் எல்லாக் கோளாறுகளும் இந்தத் தலைகீழ் வரிசையிலிருந்துதான் கிளம்புகின்றன.

கணக்குக்குப் போகும் முன் ஒன்றைத் தனியே பிரித்து வைத்துவிட வேண்டும். ஆள் சேர்த்தால் காசு, பணம் கட்டினால் வருமானம் என்பவை அஃபிலியேட் மார்க்கெட்டிங் அல்ல. கோவையில் மைவி3 ஆட்ஸ் என்ற நிறுவனம் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்றது. கூடுதல் வருமானத்துக்குக் கூடுதல் உறுப்பினர் கட்டணம், மேல்தட்டு உறுப்பினருக்கு அது ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2024 ஜனவரியில் போலீஸ் வழக்குப் பதிந்தபோது, நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் நீலாம்பூர் அருகே திரண்டார்கள். கட்டிய பணத்தைப் பற்றிய கவலையும் எதிர்பார்ப்பும் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தின. 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு எதிரான சட்டம் 1978 முதலே இருக்கிறது. உண்மையான அஃபிலியேட் திட்டத்தில் சேர ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது வேறு தொழில்.

இனி நேர்மையான திட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவர் வெட் கிரைண்டர்களை ஒப்பிட்டுத் தமிழில் வீடியோ போடுகிறார். கிரைண்டர் விலை 6,000 ரூபாய், கமிஷன் 5 விழுக்காடு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு விற்பனைக்கு 300 ரூபாய். ஆயிரம் பேர் பார்த்தால் முப்பது பேர் லிங்க்கைத் தட்டி, அதில் ஒருவர் வாங்குவதாகக் கொண்டால், மாதம் 15,000 ரூபாய்க்கு ஐம்பது கிரைண்டர் விற்றாக வேண்டும். ஐம்பதாயிரம் பேர் பார்த்தாக வேண்டும். அதுவும் மாதாமாதம். ஒரு வீட்டில் ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் ஓடும் பொருளுக்கு இந்தக் கதி. 300 ரூபாய்ப் புத்தகத்தில் இதே விகிதத்தில் 15 ரூபாய் கிடைக்கும். மொபைல், தங்க நாணயம் போன்றவற்றுக்கு விகிதமே மிகக் குறைவு. இவை நான் வசதிக்காக வைத்துக்கொண்ட எண்கள். ஆனால் யார் எந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாலும், பார்வையாளர் கூட்டம் இல்லாமல் விடை பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும்.

விதிகளும் புதியவர் பக்கம் சாயவில்லை. அமேசான் திட்டத்தில் லிங்க்கைத் தட்டிய 24 மணி நேரத்துக்குள் வாங்கவோ கூடையில் சேர்க்கவோ வேண்டும். சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனை ஆகாவிட்டால் கணக்கு மூடப்படும். நீங்களே உங்கள் லிங்க்கில் வாங்கினால் எண்ணிக்கையில் வராது. மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்தே பணம் வரும். நம் ஊர் வழக்கம் இதோடு சேர்ந்துகொள்கிறது. வீடியோவைப் பார்த்து மாடலை முடிவு செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உஸ்மான் ரோட்டுக்குப் போய், பழைய கிரைண்டரைக் கொடுத்து, பேரம் பேசி, ஆடித் தள்ளுபடியில் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! பரிந்துரைத்தவரின் உழைப்பு அங்கே முழுதாகப் பயன்பட்டிருக்கிறது. அவருக்கு வரவு மட்டும் இல்லை.

தூங்கும்போதும் வரும் பணம் என்ற மூன்றாவது வாக்குறுதிக்கு 2020 ஏப்ரல் ஒரு கடுமையான மறுப்பு. கொரோனாவில் கடைகள் மூடி, ஆன்லைன் விற்பனை ஏறிக்கொண்டிருந்த அதே வாரங்களில் அமேசான் அமெரிக்காவில் கமிஷனை வெட்டியது. மரச்சாமான், வீட்டுச் சீரமைப்புப் பொருள்களுக்கு 8 விழுக்காடு 3 ஆனது, மளிகைக்கு 5 விழுக்காடு 1 ஆனது. சில நாள் முன்னறிவிப்போடு முடிந்த காரியம் அது. பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த பக்கங்களின் வருமானம் ஒரு மின்னஞ்சலில் சுருங்கியது. எல்ஐசி முகவர் ஒருவர் இருபது வருடம் முன்பு பிடித்த பாலிசிக்கு இன்னும் புதுப்பிப்புக் கமிஷன் வாங்குகிறார். லிங்க் கொடுப்பவருக்கு அப்படிப்பட்ட தொடர்ச்சி கிடையாது. ஒவ்வொரு விற்பனையும் தனி விற்பனை. விகிதம் அடுத்தவர் கையில்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தால் எடைபோடல் ஆகாது. தமிழில் எழுதுபவருக்கு 2018-க்கு முன் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பர வருமானம்கூட முறைப்படி கிடையாது. 2020-ல் ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் தமிழ் முகப்பைத் திறந்தன. 2024 அக்டோபரில் யூடியூப் இந்தியாவில் ஃபிளிப்கார்ட், மிந்த்ரா பொருள்களை வீடியோவிலேயே காட்டிக் கமிஷன் பெறும் வசதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் தேடலில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வந்துவிட்டதால், பத்துப் பொருளை வரிசைப்படுத்தும் பொதுவான கட்டுரைக்கு இனி ஆள் வருவது கடினம். தமிழில் சொந்த அனுபவத்தோடு பேசுபவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. அந்த இடம் உண்மையானது. ஆனால் அது அனுபவம் உள்ளவருக்கானது, வெறுமனே தொடங்குபவருக்கானது அல்ல.

வருமானத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது நேர்மை. கமிஷன் எங்கே கொழுத்திருக்கிறதோ அங்கே பரிந்துரைகள் குவிகின்றன. வெப் ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒரு விற்பனைக்கே ஆயிரக்கணக்கில் தருகின்றன. அதனால்தான் 'வலைத்தளம் தொடங்குவது எப்படி' என்று இத்தனை பேர் எழுதுகிறார்கள், எல்லோரும் அதே இரண்டு மூன்று பெயர்களைச் சொல்கிறார்கள். புதியவருக்குச் சொல்லித்தருபவர் புதியவரையே வாடிக்கையாளராக்கிக்கொள்ளும் வட்டம் இது. வகுப்பு நடத்துபவர்களில் பலருக்கு வருமானம் அஃபிலியேட்டில் வருகிறதா, கட்டணத்தில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். சொன்னால் ஆதாரம் கேட்கலாம்.

தி.நகர் ஷோரூமில் கம்பெனி டீ-ஷர்ட் போட்டு நிற்கும் பையன் தன் கம்பெனி ஃபிரிட்ஜைத்தான் தூக்கிப் பேசுவான். யாரும் ஏமாறுவதில்லை, சட்டையே சொல்லிவிடுகிறது. லிங்க் கொடுப்பவர் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு நண்பனைப்போலப் பேசுகிறார். அதனால்தான் விதிகள் வந்தன. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கியின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தன. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை, பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள பணத் தொடர்பைத் தெளிவாக, பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும் என்றது. தவறான பரிந்துரைக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. தமிழில் முழுக்கப் பேசிவிட்டு, வீடியோவின் அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி போடுவது விதியையும் ஏமாற்றுகிறது, பார்ப்பவரையும் ஏமாற்றுகிறது. 'இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்' என்று முதல் நிமிடத்திலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கூச்சப்படுபவர் இத்தொழிலுக்கு வரவே வேண்டாம்.

அப்படியானால் யாருக்கு இது பொருந்தும்? மயிலாப்பூரில் ஆன்லைனில் கர்நாடக சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரைக் கற்பனை செய்வோம். நியூஜெர்சியிலும் டொரண்டோவிலும் மாணவர்கள். எந்தச் சுருதிப் பெட்டி வாங்கலாம், எந்த மைக் நல்லது, வர்ணங்களுக்கு எந்தப் புத்தகம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர் பல வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது, கேள்வி தானாக வருகிறது, பதில் அனுபவத்திலிருந்து பிறக்கிறது. அந்தப் பதில்களை ஒரு பக்கமாக எழுதி லிங்க் சேர்த்தால் அது நியாயமான கூலி.

இவருக்கும் சிக்கல்கள் உண்டு, அவைதாம் கவனிக்க வேண்டியவை. இந்திய அமேசான் லிங்க் அமெரிக்க மாணவரின் வாங்கலுக்குப் பயன்படாது. ஒவ்வொரு நாட்டுக் கடைக்கும் தனித்தனியே சேர வேண்டும், அமெரிக்கத் திட்டத்துக்கு வரிப் படிவமும் தர வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நல்ல அறிவுரையில் பாதிக்கு லிங்க்கே இல்லாதது. தொடக்க மாணவருக்குப் பெங்களூரு ராடெல் பெட்டியைவிட ஃபோனில் இலவசமாகக் கிடைக்கும் தம்புரா செயலியே போதும் என்பது அவருக்குத் தெரியும். வீணை என்றால் தஞ்சாவூரில் செய்பவரிடமே நேரில் போய்க் கேட்டு வாங்கு என்பார். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வீணையை யாரும் கண்ணை மூடிக்கொண்டு கூடையில் போட மாட்டார்கள். மார்கழிக் கச்சேரிக்கு வரும்போது மாட வீதியில் நேரில் பார்த்து வாங்கிக்கொள் என்று சொல்ல வேண்டிய பொருள்களும் உண்டு. இந்த மூன்று அறிவுரைக்கும் கமிஷன் கிடையாது. கமிஷன் இல்லாத பதிலையும் கமிஷன் உள்ள பதிலுக்குப் பக்கத்திலேயே அவர் எழுதுவாரா? என் அளவுகோல் இதுதான். எழுதினால் மாணவர்கள் அவரை நம்பிக்கொண்டே இருப்பார்கள், லிங்க்கும் ஏதோ கொஞ்சம் சம்பாதித்துத் தரும். எழுதாமல் செயலியை மறைத்துப் பெட்டியை விற்றால், சில நூறு ரூபாய்க்காகப் பல வருட நம்பிக்கையை அடகு வைக்கிறார்.

ஆகவே என் தீர்ப்பு. தொடங்குபவருக்கு முதல் தொழிலாக, வீட்டுச் செலவுக்கு வழியாக, அஃபிலியேட் மார்க்கெட்டிங் வேண்டாம். அதற்காகக் கட்டண வகுப்பில் சேர்வது இன்னும் கூடாது. சேரும் முறையும் விதிகளும் அந்தந்தத் திட்டத்தின் பக்கத்திலேயே இலவசமாக இருக்கின்றன. ஏதாவது ஒரு துறையில் பிறர் தானாக வந்து கேட்கும் அளவுக்கு அறிந்தவருக்கு, செய்துகொண்டிருக்கும் வேலையின் பக்க வரவாக இது தகும். அவரும் வருமானத்தைக் கணக்கில் காட்ட வேண்டும்: கமிஷனில் பிடிக்கும் வரி 2024 அக்டோபரில் 5 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைந்திருக்கிறது, 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள், ஆனால் பிடிக்காததால் வரியே இல்லை என்று ஆகிவிடாது.

இதையும் மீறித் தொடங்கத்தான் வேண்டும் என்பவர் எந்தத் திட்டத்திலும் உடனே சேர வேண்டாம். 180 நாள் கெடு சேர்ந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. முதல் ஆறு மாதம் லிங்க் எதுவும் இல்லாமல், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றித் தமிழில் எழுதட்டும் அல்லது பேசட்டும். முன்பின் தெரியாதவர்கள் 'எதை வாங்கலாம்' என்று கேட்டு வரத் தொடங்கினால் அப்போது பதிவு செய்யலாம். யாரும் வராவிட்டால், பதிவு செய்யாமலே நிறுத்திக்கொள்ளலாம்.