வந்திருக்கான், வந்திருக்காரு

வியாசர்பாடி எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டு வீடுகளில் யாராவது கதவைத் தட்டினால், திறந்தவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: “பாய் வந்திருக்கான்.” சாப்பாட்டுப் பார்சல் வந்திருக்கிறது என்று அர்த்தம். “பாய் வந்திருக்காரு” என்றால் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் முஸ்லிம் பெரியவர். ஆங்கில பாயும் இந்துஸ்தானி பாயும் நம் வாயில் ஒரே ஓசைதான். (கோரைப்பாய் வேறு, அதற்குத் தொண்டை இவ்வளவு அதிர வேண்டாம்.) வந்தது எந்தப் பாய் என்பதை வினைமுற்றுதான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலப் பாயோடு அந்த ‘ஆன்’ ஒட்டிக்கொண்டது நேற்றல்ல. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இச்சொல்லுக்கு இரண்டு பொருள் தருகிறது. ஒன்று, வீட்டு வேலையாள்; தென்னிந்தியாவில் துரைமார் அவரை ‘பாய்!’ என்றே கூவி அழைப்பார்கள் என்கிறது. மற்றொன்று, பல்லக்குத் தூக்கி. இந்த இரண்டாவதன் வேர் ஆங்கிலமே அல்ல. ‘போயி’ என்று தெலுங்கிலும் மலையாளத்திலும் வழங்கும் சாதிப்பெயர். சிறுவனைக் குறித்த சொல்லும் சுமப்பவரைக் குறித்த சொல்லும் துரை வாயில் ஒன்றாகிவிட்டன. வயது என்ன என்று இரண்டிலுமே யாரும் கேட்கவில்லை.

இன்றும் கேட்பதில்லை. ஆபீஸ் பாய், லிஃப்ட் பாய், டீ பாய், டெலிவரி பாய் என்று பட்டியல் நீள்கிறதே தவிர, அதில் யாரும் வளர்ந்து பெரியவராவதில்லை. காக்கி போட்டால் மட்டும் ‘மேன்’ கிடைக்கும்: போஸ்ட்மேன், லைன்மேன், வாட்ச்மேன். இது நம் ஊர் விசித்திரம் மட்டுமல்ல. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெள்ளையர்கள் நரைத்த கறுப்பரையும் ‘பாய்’ என்றே அழைத்தார்கள். 1968இல் மெம்ஃபிஸ் நகரின் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் ஏந்திய அட்டைகளில் ‘ஐ ஏம் எ மேன்’ என்று எழுதியிருந்ததைக் கூலிக் கோரிக்கையாக மட்டும் படிக்க முடியாது.

ஆனால் ஒரு ‘ஸ்’ சேர்ந்ததும் சொல்லின் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிற பையனைப் ‘பாய்’ என்று கூப்பிட்டால் முறைப்பான். ‘நம்ம ஏரியா பாய்ஸ்’ என்று ஃப்ளெக்ஸ் அடித்தால் முதல் வரிசையில் படத்துக்கு நிற்பான். ஷங்கர் 2003இல் படத்துக்கு ‘பாய்ஸ்’ என்று பெயர் வைத்தார். ‘பாய்’ என்று வைத்திருந்தால் ஹோட்டல் கதை என்று நினைத்திருப்போம். 1980களின் யாழ்ப்பாணத்தில் ஆயுதம் ஏந்தியவர்களை ஊர் ‘பெடியள்’ என்றது, ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ‘தி பாய்ஸ்’ என்றார்கள். வீட்டுப் பிள்ளைகள் என்ற செல்லம் அந்தச் சொல்லில் இருந்தது; போகப்போக அச்சமும் சேர்ந்தது. ஒருமையில் ஏவப்படுகிறவன், பன்மையில் சேனையாகிவிடுகிறான். என் கணக்கில் இந்தச் சொல்லின் முழு வரலாறும் அந்த ஒற்றை ‘ஸ்’ஸில்தான் இருக்கிறது.

எங்கள் நகரின் பெயரில் இருக்கும் எம்.கே.பி. என்பது மகாகவி பாரதி. வேலையாள் பற்றித் தமிழில் பேசினால் அவருடைய ‘கண்ணன் என் சேவகன்’ நினைவுக்கு வராமல் இருக்காது. சேவகர்களின் பொய்ச்சாக்குகளால் நொந்துபோன வீட்டுக்காரரிடம் வந்து சேரும் இடையன், தோழனாகி, ஆசானாகி, தெய்வமாகவும் ஆகிவிடுகிறான். அவன் கேட்கும் கூலி அன்பு. கவிதைக்கு அது அழகு. லிஃப்ட் இல்லாத மூன்று மாடியை மூட்டுவலியோடு ஏறுகிறவருக்குக் கட்டுபடியாகாது. இன்றைய செயலிகளும் அவரை ‘டெலிவரி பார்ட்னர்’ என்று தோழமையோடுதான் அழைக்கின்றன. பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு என்று என் அகராதி சொல்கிறது. இவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் அமைத்த நல வாரியம் மட்டும் நேராகத் ‘தொழிலாளர்’ என்ற சொல்லைப் போட்டுக்கொண்டது.

போன வாரம் மழையில் ஒரு பார்சல் வந்தது. அம்மா கதவைத் திறந்தாள். வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கிருதா முழுக்க நரை. ரெயின்கோட்டிலிருந்து வாசலில் தண்ணீர் சொட்ட, பையை மட்டும் நனையாமல் நெஞ்சோடு அணைத்திருந்தார். யாரும்மா என்று உள்ளேயிருந்து கேட்டேன். “பாய் வந்திருக்கா…” என்று இழுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு “…ரு” என்று முடித்தாள்.

நான் ஃபிரிட்ஜுக்குள் இருந்த பாத்திரங்களை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தேன்.