ராஸ்பெர்ரி பையில் இசை: போர்டை மாற்றினால் ஒலி மாறுமா?

மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுத்தரும் நோக்கத்தோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான ராஸ்பெர்ரி பை, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளிவந்தது. கைக்கு அடக்கமான இந்த ஒற்றைப் பலகைக் கணினியை இசை ஆர்வலர்கள் விரைவிலேயே தங்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். வாலுமியோ, மோஓட், பைகோர்பிளேயர் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை எஸ்டி கார்டில் ஏற்றினால் போதும். கைபேசியிலிருந்து இயக்கக்கூடிய தரமான மியூசிக் பிளேயர் தயார். அதன் பிறகு 2015, 2016, 2018, 2019, 2023 என்று அடுத்தடுத்த பதிப்புகள் வரும்போதெல்லாம், பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும் வழக்கமும் வேரூன்றியது. புதிய போர்டு வேகமானது என்பதில் ஐயமில்லை. அந்த வேகம் ஒலிக்கு என்ன செய்கிறது என்பதுதான் ஆராய வேண்டியது.

இசையை ஒலிக்கச் செய்வதில் இந்தக் கணினியின் வேலை மிகச் சிறியது. கோப்பைப் படிக்க வேண்டும், சுருக்கத்தைப் பிரிக்க வேண்டும், கிடைக்கும் எண்களைத் தடையில்லாமல் டிஏசி என்னும் ஒலிமாற்றிக்கு அனுப்ப வேண்டும். குறுந்தகட்டுத் தரமான ஒலிக்கு நொடிக்கு 14.11 லட்சம் பிட்டுகள் போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தரக் கோப்புக்கும் 92 லட்சத்துச் சொச்சம்தான். 2012-ஆம் ஆண்டுப் போர்டில் இருந்த 100 மெகாபிட் ஈதர்நெட்டே இதைப்போல் பத்து மடங்கைத் தாங்கும். தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்பைப் பிரிப்பதும் அதன் 700 மெகாஹெர்ட்ஸ் செயலிக்குப் பெரிய சுமையாக இருந்ததில்லை. ஆகவே, வெறும் இசை ஒலிப்புக்குச் செயலியின் வேகம் ஒருபோதும் தடையாக இருக்கவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. போர்டிலேயே இருந்த 3.5 மி.மீ. ஹெட்போன் துளை, முறையான ஒலிமாற்றி இல்லாமல், துடிப்புகளின் அகலத்தை மாற்றி ஒலியை உண்டாக்கும் மலிவான வழியில் இயங்கியது. அதன் தரம் ஏறத்தாழ 11 பிட் அளவுதான். மெல்லிய இடங்களில் பின்னணி இரைச்சல் நன்றாகவே கேட்கும். பை 4 வரை அடிப்படை முறை இதுவே. பை 5-இல் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள். எனவே ஹெட்போன் துளையின் ஒலி பிடிக்காதவர் போர்டை மாற்றுவதில் பொருளே இல்லை. அவருக்குத் தேவை, 40 ஊசி இணைப்பின் மேல் அமரும் ஒரு டிஏசி பலகை. இத்தகைய பல பலகைகளில் உள்ள பிசிஎம்5122 சில்லின் இயங்கு வீச்சு 112 டெசிபெல். குறுந்தகட்டுக்குத் தேவைப்படுவதோ 96 டெசிபெல் அளவு. பத்தாண்டுப் பழைய பை 2-இல் இந்தப் பலகையைப் பொருத்தினால் கிடைக்கும் முன்னேற்றம், வெறும் பை 2-ஐ பை 4 ஆக்குவதால் கிடைப்பதைவிடப் பன்மடங்கு பெரியது.

கடிகாரத் துடிப்பிலும் இதே கதைதான். ஒலியின் ஒவ்வொரு மாதிரியும் சீரான இடைவெளியில் வெளியேற வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை மாதிரிக்கு 64 பிட் என்ற கணக்கில் அனுப்ப 2.8224 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வேண்டும். பை 3 வரையிலான போர்டுகளில் இருந்தது 19.2 மெகாஹெர்ட்ஸ் படிகம், வகுத்தால் 6.8 வருகிறது. பை 4-இல் 54 மெகாஹெர்ட்ஸ், அங்கே 19.13. இரண்டுமே முழு எண்ணாக வகுபடாததால், போர்டு ஒரு துடிப்பை நீட்டியும் அடுத்ததைக் குறுக்கியும் சராசரியைச் சரிக்கட்டுகிறது. இந்தத் தடுமாற்றத்தைத் தீர்த்தது புதிய போர்டு அன்று, 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு படிகங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்ட டிஏசி பலகைகள். ஹைஃபைபெரி நிறுவனத்தின் டிஏசி பிளஸ் புரோ அப்படிப்பட்டது. 44.1 கிலோஹெர்ட்ஸும் 48 கிலோஹெர்ட்ஸும் இவற்றில் சரியாக 512 முறை அடங்கும். துடிப்பை வகுத்துக்கொடுக்கும் பொறுப்பைப் பலகையே ஏற்றுக்கொள்ள, கணினி அதன் தாளத்துக்கு எண்களைத் தருகிறது. அளவுகருவியில் தெளிவாகத் தெரியும் இந்த வேறுபாடு எல்லாக் காதுகளுக்கும் எட்டும் என்று சொல்வது மிகை. ஆனாலும் பொறியியல் நோக்கில் இதுவே சரியான தீர்வு. 40 ஊசி இணைப்புள்ள எந்தப் பழைய போர்டிலும் இது வேலை செய்கிறது.

போர்டை மாற்றுவது உண்மையிலேயே பலன் தரும் இடம் யுஎஸ்பி. பை 3 வரையிலான போர்டுகளில் ஈதர்நெட்டும் எல்லா யுஎஸ்பி துளைகளும் செயலியை எட்ட ஒரே யுஎஸ்பி 2.0 பாதைதான். இசைக் கோப்புகள் வலைப்பின்னலில் இருக்கும் வட்டிலிருந்து வந்து, யுஎஸ்பி டிஏசி வழியாக வெளியேறும் வீட்டில், ஒரே தரவு அந்தக் குறுகிய பாதையை இரண்டு முறை கடக்க வேண்டும். யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் சேர்ந்துவிட்டால் நெரிசல் கூடும்; பாட்டின் நடுவே ‘டிக்’ என்ற ஒலியும் நொடிப்பொழுது அறுபடலும் வரும். 2018-இன் பை 3பி பிளஸ் கிகாபிட் ஈதர்நெட் என்று வந்தபோதும், இந்தப் பாதை மாறாததால் அதன் உச்சம் 300 மெகாபிட் அளவில் நின்றது. 2019-இன் பை 4-தான் ஈதர்நெட்டுக்குத் தனிப்பாதை தந்து, யுஎஸ்பி 3.0-ஐ பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இணைத்தது. யுஎஸ்பி டிஏசி வைத்திருந்து இந்தத் தொல்லையை அனுபவித்தவருக்கு பை 4 முழுமையான விடுதலை. ஊசி இணைப்பில் டிஏசி பலகை வைத்திருப்பவருக்கோ தொடக்கத்திலிருந்தே இந்தச் சிக்கல் குறைவு. அவரது ஒலித் தரவு வெளியேறும் வழி யுஎஸ்பியைத் தொடுவதில்லை.

அறுபடல் நின்ற பிறகு, ‘மேடை விரிந்தது, குரல் தெளிந்தது’ என்பன போன்ற வருணனைகளை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். இன்றைய யுஎஸ்பி டிஏசிகளில் பெரும்பாலானவை தங்கள் கடிகாரத்தை வைத்தே கணினியிடம் தரவைக் கேட்டு வாங்குபவை. பழைய போர்டும் புதிய போர்டும் அனுப்பும் பிட்டுகள் ஒன்றே. எஞ்சியிருப்பது மின்தரை வழியாக நுழையும் இரைச்சல் மட்டும். அது புதிய போர்டில் குறையும் என்பதற்கு உறுதியில்லை. ஒளியிழைக் கேபிளைப் பயன்படுத்தினால் அந்தக் கேள்வியே எழாது.

செயலி வலிமைக்கு மெய்யான வேலை தருவது அறைத் திருத்தம். 4 மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே ஒலி எதிரொலித்துத் தேங்கும். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட அறைகளில் மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிதாரும் குழைந்து கேட்பதற்கு இத்தகைய தேக்கங்கள் முக்கியக் காரணம். அளவு மைக்கைக் கேட்பவர் அமரும் இடத்தில் வைத்து ஒலியைப் பதிந்து, அதற்கேற்ற வடிகட்டியைக் கணித்து, கமில்லாடிஎஸ்பி போன்ற மென்பொருளில் ஏற்றினால் அந்த மேட்டைத் தணிக்கலாம். நாலைந்து எளிய வடிகட்டிகளைப் பை 3-உம் தாங்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் 65,536 குணகங்கள் கொண்ட நீண்ட வடிகட்டி, அதோடு 192 கிலோஹெர்ட்ஸுக்கு மாதிரி உயர்த்தல், இரண்டுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர்களுக்கு டிஜிட்டல் பிரிப்பு என்று அடுக்கும்போதுதான் பை 4, பை 5 ஆகியவற்றின் அருமை தெரிகிறது. இங்கே ஒலி மாறுகிறது. கண்ணை மூடிக் கேட்டாலும் மாற்றம் புலப்படுகிறது. யுஎஸ்பி நெரிசலை விட்டால், ஒலிக்காகப் புதிய போர்டு வாங்குவதற்கான வலுவான நியாயம் இது ஒன்றுதான் என்று சொன்னாலும் தவறில்லை.

இதற்குத் தர வேண்டிய விலை பணம் மட்டுமன்று. 4 ஜிபி பை 5 வெளிவந்தபோது விலை 60 டாலர். அதற்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் தனி. பழைய 3 ஆம்பியர் அடாப்டரிலேயே ஓட்டினால் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும். மின்சாரத்தை யுஎஸ்பியிலிருந்தே எடுக்கும் டிஏசியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாக இருந்தால் திணறும். உள்ளே வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் போர்டு எச்சரிக்கிறது. பல வீடுகளில் புதிய போர்டின் குறை என்று நினைப்பது, மெல்லிய கேபிளின் குறையாகவே முடிகிறது. வெப்பமும் கூடுதல். 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் பை 5 தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். அதைத் தவிர்க்க விசிறி வைத்தால், அமைதியான ராகத்தைக் கேட்க அமர்ந்த அறைக்குள் ஓர் இரைச்சலை நாமே விலைக்கு வாங்கியதாகும். விசிறியில்லாத உலோகப் பெட்டி நல்லது. ஆனால் மேலே டிஏசி பலகை ஏறுவதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய பெட்டியும் உதவாது. பை 4-இல் ஈதர்நெட் துளையும் யுஎஸ்பி துளைகளும் இடம் மாறின. பை 5-இல் மறுபடி பழைய வரிசைக்குத் திரும்பின. யுஎஸ்பி 3.0 வட்டு இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பாதிக்கப்படுவதும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் சரியாகும்.

மென்பொருள் பக்கம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய எஸ்டி கார்டை அப்படியே எடுத்துப் பை 5-இல் செருகினால் பெரும்பாலும் இயங்காது. 2023 அக்டோபரில் வந்த புக்வர்ம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அமைப்புக் கோப்பு இருக்கும் இடமும் அதில் மாறிவிட்டதால், டிஏசி பலகையின் பெயரைப் பழைய இடத்தில் எழுதிவிட்டு ஒலி வரவில்லையே என்று தவிப்பவர்கள் பலர். புதிதாக நிறுவி, பாட்டுப் பட்டியல்களை மட்டும் அதற்கு மாற்றிக்கொள்வதே நேரத்தை மிச்சப்படுத்தும். மறுபக்கம், 64 பிட் மென்பொருளுக்கு உலகம் நகர்வதால், 32 பிட் மட்டுமே அறிந்த முதல் பையும் தொடக்ககாலப் பை 2-உம் புதிய பதிப்புகளை இழந்துவருகின்றன. வலைப்பின்னலில் இருக்கும் கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோவது போர்டை மாற்றுவதற்கு ஏற்கத்தக்க காரணம்.

அப்படிக் கழற்றப்பட்ட போர்டுக்கும் வேலை இருக்கிறது. பைகோர்பிளேயர் முழுவதும் நினைவகத்திலேயே இயங்குவதால், மின்சாரம் திடீரென்று போனாலும் எஸ்டி கார்டு கெடும் வாய்ப்பு குறைவு. பழைய போர்டுகளிலும் அது லேசாக ஓடும். புதிய போர்டை, லிரியன் என்னும் மென்பொருள் ஏற்றிய இசை வழங்கியாக வைத்துக்கொண்டு, பழையதை அடுத்த அறையின் ஸ்பீக்கரோடு இணைத்தால், இரண்டு அறைகளிலும் ஒரே பாட்டு ஒத்திசைந்து ஒலிக்கும்.