இயந்திரம் மட்டும் பொய் சொல்லவில்லை

மணி பன்னிரண்டு அடிக்கிறது. எங்கோ தொலைவில் கிளம்பும் விமான இரைச்சல் நெருங்கி வந்து தலைக்கு மேலே பாய்கிறது. அறிவிப்பாளர் நாயகனின் பெயரை நீட்டி முழங்குகிறார். 1940-களில் அமெரிக்கச் சிறுவர்களை வானொலிப் பெட்டியருகே கட்டிப்போட்ட ‘கேப்டன் மிட்நைட்’ தொடர் இப்படித்தான் தொடங்கும்.

விமானக் கதை வானொலிக்கு வெகுவாகப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. வானொலி கேட்பவரைப் போலவே, மேகத்துக்குள் நுழைந்துவிட்ட விமானிக்கும் கண் உதவாது. உயரம் என்ன, எரிபொருள் எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பவரிடம் அவர் வாய்விட்டுச் சொல்வது இயல்பு. அதுவே கேட்பவருக்கும் காட்சியாகிவிடும். எஞ்சின் ஒருமுறை திணறினால் போதும், கேட்கிற பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். தொடரை எழுதிய ராபர்ட் பர்ட், வில்ஃபிரட் மூர் இருவரும் முதல் உலகப் போரில் விமானிகளாக இருந்தவர்கள். 1933-இல் ‘ஜிம்மி ஆலன்’, 1946-இல் ‘ஸ்கை கிங்’ ஆகிய தொடர்களையும் தந்தவர்கள். இயந்திரம் அவர்கள் கைக்குப் பழகியது. அதனால் அதைப் பற்றிய பேச்சில் போலித்தனம் இல்லை.

மனிதர்கள் விஷயத்தில் இந்தக் கவனம் தவறிவிட்டது. வில்லன் ஐவன் ஷார்க்கும் அவன் மகள் ஃப்யூரியும் ஏன் கெட்டவர்கள் என்று கதை கேட்பதே இல்லை. போர்க்காலத்தில் பகை நாட்டாரும் அதே அச்சில் வார்க்கப்பட்டார்கள். வார நாட்களில் தினமும் 15 நிமிடம் ஓடிய கதை அது. நாயகன் நாளைக்கும் வந்தாக வேண்டும். ஆகவே எந்த ஆபத்துக்கும் விலை கிடையாது. இந்த அட்டைப் பொம்மைகளுக்கு நடுவே ஜாய்ஸ் ரையன் விதிவிலக்கு. காப்பாற்றப்படக் காத்திருக்காமல், ஆண்களுக்குச் சமமாகச் சாகசத்தில் இறங்கும் பெண் அவள். அக்காலச் சிறுவர் தொடரில் இது சின்ன விஷயமல்ல.

1940-இல் தொடர் நாடு முழுக்கப் பரவியபோது, அதன் செலவை ஏற்றது நம் வீடுகளும் அறிந்த ஓவல்டின் பானம். டப்பா மூடிக்கு அடியிலிருந்த முத்திரையை அனுப்பினால், எழுத்தையும் எண்ணையும் பொருத்தும் சுழல் வட்டு கொண்ட சங்கேதப் பதக்கம் தபாலில் வரும். நிகழ்ச்சி முடிவில் வாசிக்கப்படும் எண்களைக் குறித்துக்கொண்டு, வட்டைத் திருகி ஒவ்வோர் எழுத்தாகப் பிடிக்க வேண்டும். கதைக்குள் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்ற பெருமையைப் பிள்ளைக்குத் தந்த அருமையான உத்தி இது. ஆனால் பாடுபட்டுப் பிரித்த ரகசியம் பெரும்பாலும் அடுத்த பகுதிக்கான முன்னோட்டம்தான். நாயகனின் ரகசியப் படையில் பிள்ளையும் சேர நுழைவுக் கட்டணம், ஒரு டப்பா ஓவல்டின்.

1949-இல் வானொலித் தொடர் முடிந்தது. 1954-இல் அதே நாயகன் தொலைக்காட்சிக்கு வந்தபோது விமானம் கண்ணுக்கே தெரிந்தது. எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகளை இன்று கேட்டால் ஷார்க்கின் மிரட்டலுக்குச் சிரிப்பு வருகிறது. எஞ்சின் திணறும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கிறோம்.